மொழியைச் சொல்லிவிட்டு எழுத்தைத் தொடுங்கள்

சீன, ஜப்பானிய, கொரிய மொழிப் பக்கங்களுக்கு சிஎஸ்எஸ் எழுதும் தமிழ் நண்பர்களுக்கு,



சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்துகொண்டு, நம்மில் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளுக்கு நாள்தோறும் உருவம் கொடுத்து அனுப்புகிறோம். டோக்கியோவில் ஒருவர் ரயிலுக்கு இடம்பிடிக்கும் பக்கம், தைப்பேயில் ஒரு தாய் குழந்தையின் தடுப்பூசித் தேதியைப் பார்க்கும் பக்கம், சியோலில் ஒரு மாணவி விடுதிக்கு விண்ணப்பிக்கும் பக்கம் என எதுவாகவும் அது இருக்கலாம். ஆங்கிலப் பக்கத்துக்கு எழுதிய ஸ்டைல் ஷீட்டை அப்படியே வைத்துக்கொண்டு, மொழிபெயர்த்து வந்த வாசகத்தை அதில் கொட்டி, வெற்றுக் கட்டங்கள் வராமல் எழுத்து தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று டிக்கெட்டை மூடிவிடும் வழக்கம் நம் தொழிலில் வேரூன்றியிருக்கிறது. அந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

எலும்பைக் குறிக்கும் சீன எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பகுதியில் ஒரு பெட்டிக்குள் சின்னதாக இன்னொரு மூலை மடிந்திருக்கும். சீனாவில் அச்சாகும்போது அந்தச் சின்ன மூலை இடப்பக்கம் இருக்கும், ஜப்பானில் வலப்பக்கம். ‘நேர்’ என்று பொருள்படும் எழுத்தில் வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரியும். ஜப்பானியர் இடப்பக்கம் ஒரு கோட்டை இறக்கி, அதையே அடியில் வலப்பக்கம் திருப்பி முடிப்பார்கள். சீனர் அடியில் ஒரு கிடைக்கோடு மட்டும் போடுவார்கள். கட்டளை, கடல், கத்தியின் கூர்முனை ஆகியவற்றைக் குறிக்கும் எழுத்துகளிலும் நாட்டுக்கு நாடு மாறும் இடங்கள் உண்டு. இத்தனை வடிவங்கள் இருந்தும், ஒவ்வோர் எழுத்துக்கும் யூனிகோடில் ஒரே எண்தான்.

யூனிகோடை வகுத்தவர்கள் 1990களின் தொடக்கத்தில் சீனா, ஜப்பான், கொரியா, தைவான் ஆகியவற்றின் தரங்களில் இருந்த, ஹான் எனப்படும் சீன எழுத்துகளை அருகருகே வைத்துப் பார்த்தார்கள். ஒரே எழுத்தின் வேறு வேறு தோற்றம் என்று கருதியவற்றை ஒரே எண்ணின்கீழ் கொண்டுவந்தார்கள். அன்றைய திட்டப்படி யூனிகோடில் மொத்தமே 65,536 இடங்கள். உலகின் எழுத்தெல்லாம் அதற்குள் அடங்க வேண்டியிருந்தது. முதல் சுற்றில் இப்படி எண் பெற்றவை 20,902 எழுத்துகள். ஜப்பானில் இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. என் கருத்தில், தேடுவதற்கும் தரவைச் சேமிப்பதற்கும் அந்த முடிவு நன்மையே செய்தது. ஆனால் எழுத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் வேலை அதனால் எழுத்துருவின் தலையில் விழுந்தது. எந்த எழுத்துரு என்று முடிவெடுப்பது உலாவி. அந்த உலாவிக்கு இது எந்த மொழி என்று சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். பலரும் அதைச் சொல்வதே இல்லை.

சொல்வது கடினமான வேலையும் இல்லை. ஹெச்டிஎம்எல்லில் ‘லாங்’ என்றொரு பண்பு இருக்கிறது. ஜப்பானியத்துக்கு ‘ஜேஏ’, கொரியத்துக்கு ‘கேஓ’. சீனத்துக்கு வெறும் ‘இசட்ஹெச்’ போதாது. எளிமையாக்கிய எழுத்து என்றால் ‘ஹான்ஸ்’, மரபெழுத்து என்றால் ‘ஹான்ட்’ என்ற ஒட்டையும் சேர்க்க வேண்டும். ஹாங்காங்கின் வடிவங்களும் தைவானின் வடிவங்களும் சில இடங்களில் வேறுபடுவதால், அங்கே போகும் பக்கத்துக்கு வட்டாரக் குறியும் வேண்டும். இதையெல்லாம் சொல்லாமல் விட்டால், உலாவி அந்த இயந்திரத்தின் மொழி அமைப்பைப் பார்த்து ஊகிக்கும். டோக்கியோவில் இருப்பவரின் கணினி ஜப்பானிய அமைப்பில் இருப்பதால் ஊகம் சரியாக விழும்; குறை வெளியே தெரியாது. அதே பக்கத்தை ஆங்கில அமைப்புள்ள கணினியில் ஒரு ஜப்பானியர் திறந்தால் சீன வடிவங்கள் வந்து நிற்கலாம். அவரால் படிக்க முடியும். ஆனால் இதை யாரோ வெளியார் செய்திருக்கிறார்கள் என்று முதல் வரியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். அந்தப் பக்கம் ஒரு வங்கியுடையதாகவோ மருத்துவமனையுடையதாகவோ இருந்தால் அந்த எண்ணம் சின்ன விஷயமில்லை.

பக்கத்துக்கு ஒரு ‘லாங்’ கொடுத்ததோடு நின்றுவிடவும் கூடாது. சீனப் பக்கத்தில் ஜப்பானிய மேற்கோள் வந்தால் அந்தத் துண்டுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லாத் தளங்களிலும் இருக்கும் மொழி தேர்வுப் பட்டியலைப் பாருங்கள்: அதில் சீனம், ஜப்பானியம், கொரியம் என ஒவ்வொரு பெயரும் அந்தந்த மொழி எழுத்தில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி ‘லாங்’ இல்லையென்றால் எல்லாம் ஒரே எழுத்துருவில் வரும்.

ஊர்ப் பெயரிலும் ஆள் பெயரிலும் இது இன்னும் நுணுக்கமாகிறது. டோக்கியோவில் கட்சுஷிகா என்றொரு வட்டம் இருக்கிறது. நாரா மாநிலத்தில் கட்சுராகி என்றொரு நகரம். இரண்டு பெயருக்கும் முதலெழுத்து ஒன்றே, யூனிகோடு எண்ணும் ஒன்றே. ஆனால் அந்த எழுத்தின் அடிப்பகுதியை அந்த வட்டம் ஒருவிதமாகவும் இந்த நகரம் வேறுவிதமாகவும் தம் அதிகாரபூர்வப் பெயரில் எழுதுகின்றன. 2004இல் ஜப்பானியத் தொழில் தரம் 168 எழுத்துகளின் மாதிரி வடிவத்தைத் திருத்தியது. விண்டோஸ் விஸ்டாவோடு வந்த எழுத்துருக்கள் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டன. பழைய கணினியில் நாராக்காரருக்குச் சரியாகத் தெரிந்த எழுத்து, புதிய கணினியில் டோக்கியோக்காரருக்குச் சரியானதாக மாறிவிட்டது. இதைச் சமாளிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. எழுத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வடிவத் தேர்வுக் குறியைச் சேர்ப்பது ஒன்று. ‘ஃபான்ட்-வேரியன்ட்-ஈஸ்ட்-ஏசியன்’ என்ற சிஎஸ்எஸ் பண்பின் வழியே 1978, 1983, 1990, 2004ஆம் ஆண்டுத் தரங்களில் எதன் வடிவம் வேண்டும் என்று கேட்பது மற்றொன்று. எழுத்துருவில் அந்த வடிவங்கள் இருந்தால் கிடைக்கும். வத்தனபே, சைத்தோ போன்ற குடும்பப் பெயர்களில் ஓர் எழுத்துக்கே பல வடிவங்கள் புழங்குகின்றன. பெயர் எழுதும் படிவம் உங்கள் வேலையில் இருந்தால், பயனர் தட்டிய வடிவம் கடைசிப் பக்கம்வரை மாறாமல் போகிறதா என்று தயவுசெய்து பாருங்கள். தன் பெயரைத் தான் எழுதுகிறபடியே பார்க்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

அடுத்தது எழுத்துருக்களின் வரிசை. ஆங்கில எழுத்துருவை முதலிலும் சீன எழுத்துருவை அடுத்தும் எழுதுவது நம் வழக்கம். ஆங்கில எழுத்துகள் அழகாக வரும் என்பதால் அது பெரும்பாலும் சரிதான். ஆனால் சீனப் பெருநிலத்தில் பயன்படும் மேற்கோள் குறிகளுக்கும் ஆங்கில மேற்கோள் குறிகளுக்கும் எண் ஒன்றே. ஆங்கில எழுத்துரு முந்திக்கொண்டால், ஒரு முழு எழுத்தின் அகலத்தில் நிற்க வேண்டிய குறி ஒடுங்கிப்போய் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். நடுஉயரத்தில் வர வேண்டிய மூன்று புள்ளிகள் அடிக்கோட்டுக்கு இறங்கிவிடும். ஆங்கில எழுத்துருவை ‘யூனிகோடு-ரேஞ்ச்’ போட்டு எழுத்துக்கும் எண்ணுக்கும் மட்டும் என்று கட்டுப்படுத்திவிட்டால் இந்தத் தொல்லை தீரும். நிறுத்தக்குறிகளிலும் நாட்டு வழக்கம் உண்டு. சீனாவிலும் ஜப்பானிலும் முற்றுப்புள்ளியாக வரும் சிறு வட்டம் எழுத்துச் சதுரத்தின் கீழ் இடமூலையில் உட்காரும். தைவானிலும் ஹாங்காங்கிலும் சதுரத்தின் நடுவில். இதுவும் எழுத்துருவின் வேலை, ஆகவே ‘லாங்’ சொல்லித் தீர வேண்டிய வேலை.

வரி முறிப்புக்கு வருகிறேன். சீனத்திலும் ஜப்பானியத்திலும் சொற்களுக்கு நடுவில் இடைவெளி இல்லை; ஏறக்குறைய எந்த இரண்டு எழுத்துக்கு நடுவிலும் வரியை முறிக்கலாம். அந்த ‘ஏறக்குறைய’வில்தான் அச்சுக்கோப்பவர்கள் தலைமுறைகளாகச் சேர்த்த அறிவு இருக்கிறது. முற்றுப்புள்ளியும் மூடும் அடைப்புக்குறியும் வரியின் தலையில் வரக்கூடாது. திறக்கும் அடைப்புக்குறி வரியின் கடைசியில் தொங்கக்கூடாது. ஜப்பானியத்தில் சிறிய கானா ஒலியெழுத்துகளும் நெட்டெழுத்துக் கோடும் வரியைத் தொடங்கலாமா என்பது இடத்தைப் பொறுத்தது: நூலில் கூடாது என்பார்கள், ஒடுங்கிய பத்தியில் பொறுத்துக்கொள்வார்கள். ‘லைன்-பிரேக்’ பண்பின் ‘ஸ்டிரிக்ட்’, ‘நார்மல்’, ‘லூஸ்’ என்ற மதிப்புகள் இதற்காகத்தான் இருக்கின்றன. நீளமான ஆங்கில முகவரி ஏதோ ஒன்று பெட்டியைத் தாண்டியது என்பதற்காக யாராவது தளம் முழுவதற்கும் ‘எனிவேர்’ என்று எழுதிவைத்தால், இத்தனை விதியும் ஒரே வரியில் ரத்தாகும். முற்றுப்புள்ளி தனியாக அடுத்த வரியின் தலையில் போய் நிற்கும்.

கொரியம் வேறு. அங்கே சொற்களுக்கு நடுவில் நம்மைப்போல இடைவெளி உண்டு. ஆனால் உலாவி வழக்கமாக அசைகளுக்கு நடுவிலும் வரியை முறித்துவிடும். இருபக்கமும் நேராகக் கட்டிய நூல் பக்கத்தில் அது இயல்பு. தலைப்பிலும் பொத்தானிலும் கண்ணைக் குத்தும். ‘வேர்டு-பிரேக்’ பண்புக்கு ‘கீப்-ஆல்’ கொடுத்தால் இடைவெளியில் மட்டும் முறியும். அதோடு ‘ஓவர்ஃப்ளோ-ராப்’ கொடுத்துவிட்டால் ஒடுங்கிய கைபேசித் திரையிலும் சொல் வெளியே வழியாது. இந்த ‘கீப்-ஆல்’ கொரியத்துக்கு மட்டும் போகட்டும். தளம் முழுவதற்கும் போட்டால், இடைவெளியே இல்லாத சீன வாக்கியம் முறிய இடமில்லாமல் பெட்டியைப் பிய்த்துக்கொண்டு ஓடும். ஆகவே ‘லாங்’ தேர்வியின் உள்ளே எழுதுங்கள். ஜப்பானியத் தலைப்புகளுக்கு இப்போது ஒரு நல்ல வசதி கிடைத்திருக்கிறது: 2023இல் குரோம் அதே ‘வேர்டு-பிரேக்’ பண்புக்கு ‘ஆட்டோ-ஃபிரேஸ்’ என்ற மதிப்பைக் கொண்டுவந்தது. வாக்கியத்தைச் சொற்றொடர்களாகப் பிரித்தறிந்து, சொற்றொடரின் நடுவில் வெட்டாமல் முறிக்கிறது. மற்ற உலாவிகளில் அது இல்லையென்றாலும் கேடு ஒன்றும் வராது, பழையபடி முறியும்.

இனி சாய்வெழுத்து. நான் மிகவும் வருந்தும் இடம் இது. சதுரத்துக்குள் நிமிர்ந்து நிற்கும்படி வளர்ந்த எழுத்துகள் இவை. அச்சு மரபில் இவற்றுக்குச் சாய்ந்த வடிவம் என்று ஒன்று இல்லை. ‘இட்டாலிக்’ என்று எழுதினால் உலாவி நிமிர்ந்த எழுத்தைப் பிடித்து ஒருபக்கமாகத் தள்ளிவைக்கிறது. தமிழிலும் இதைப் பார்த்திருக்கிறோம். கொம்பும் காலும் சரிந்து கிடக்கும் எழுத்தைப் படிக்கும்போது வரும் எரிச்சல் உங்களுக்குத் தெரியும். அழுத்தம் கொடுக்க அவர்களிடம் அழகான வழி ஒன்று இருக்கிறது: ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு புள்ளி. ஜப்பானியத்தில் எழுத்தின் மேலே வைப்பார்கள், சீனத்தில் கீழே. செங்குத்தாக எழுதும்போது இரண்டு மொழியிலும் வலப்பக்கம். செங்குத்து ஜப்பானியத்தில் அந்தப் புள்ளி எள் வடிவில் இருப்பது மரபு. ‘டெக்ஸ்ட்-எம்ஃபசிஸ்’ பண்பு இவ்வளவையும் செய்கிறது. புள்ளியைக் கீழே வைக்க ‘டெக்ஸ்ட்-எம்ஃபசிஸ்-பொசிஷன்’ இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஈஎம்’ என்ற குறிச்சொல் சாய்வைக் கொண்டுவரும் அல்லவா? சீன, ஜப்பானியப் பக்கங்களில் அதன் சாய்வை எடுத்துவிட்டுப் புள்ளியைக் கொடுங்கள். இரண்டே வரி வேலை. மேற்கோள் பத்தியைப் பிரித்துக் காட்ட வேண்டுமென்றால், சீனத்தில் தூரிகை எழுத்தை ஒட்டிய கைத்தி எழுத்துருவைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. நூற்பெயர்களுக்குச் சாய்வு வேண்டியதே இல்லை. சீனர் இரட்டைக் கோண அடைப்பிலும் ஜப்பானியர் இரட்டை மூலை அடைப்பிலும் எழுதுவார்கள். மொழிபெயர்ப்பாளர் அதை ஏற்கெனவே செய்து அனுப்பியிருப்பார். அதன்மேல் நாமும் சாய்வைப் போடுவதுதான் சிக்கல்.

தடித்த எழுத்திலும் கவனம் வேண்டும். தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவுக்கு ‘போல்டு’ கேட்டால் உலாவி கோடுகளை வீங்கவைக்கும். கோடுகள் நெருங்கிய எழுத்துகளில் நடுவிலுள்ள வெண்மை அடைபட்டுக் கறையாகிவிடும். மனச்சோர்வைக் குறிக்கும் எழுத்து ஒன்றை ஜப்பானிய அரசு 2010இல் பொதுப் பயன்பாட்டு எழுத்துகளின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் மொத்தம் 2,136 எழுத்துகள். அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் 29 கோடுகள். ஆங்கிலத்துக்குப் போதும் என்று வைத்த 12 பிக்சல் அளவில் 29 கோடுகளை எங்கே வைப்பது? மருத்துவப் பக்கங்களில் அடிக்கடி வரும் எழுத்து அது. கிழக்காசிய எழுத்துக்கு அளவை ஒரு படி கூட்டுங்கள். ‘ஃபான்ட்-சிந்தசிஸ்’ பண்புக்கு ‘நன்’ கொடுத்தால் பொய்த் தடிப்பும் பொய்ச் சாய்வும் இரண்டுமே நின்றுவிடும்.

வரி உயரம் பற்றிச் சுருக்கமாக: எழுத்துகள் சதுரத்தை நிரப்பி நிற்பதால் ஆங்கிலத்தின் 1.4 இங்கே மூச்சுமுட்டும். ஜப்பானிய மரபில் இரண்டு வரிகளுக்கு நடுவே எழுத்தளவில் பாதி முதல் முழு எழுத்தளவு வரை இடம் விடுகிறார்கள், அதாவது 1.5இலிருந்து 2 வரை. எழுத்தின் தலைமேல் உச்சரிப்பைச் சிறிய கானாவில் எழுதும் ‘ரூபி’ வந்தால் அந்த இடம் இன்னும் அவசியம். குழந்தைகளுக்கும் மொழி கற்பவர்களுக்கும் அந்தச் சிற்றெழுத்துதான் கைத்தடி. தைவானில் உச்சரிப்புக் குறிகளைக் கிடைவரியிலும் எழுத்தின் வலப்பக்கம் செங்குத்தாக வைப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

செங்குத்து எழுத்தைப் பற்றி எழுதாமல் முடிக்க மனமில்லை. பலர் அதைப் பழங்காலச் சடங்கு என்று நினைக்கிறார்கள். சீனாவின் மக்கள் தினசரி 1956 ஜனவரி முதல் நாளில் கிடைவரிக்கு மாறியது உண்மை. கொரியாவில் 1988இல் தொடங்கிய ஹங்க்யோரே நாளேடு முதல் இதழிலிருந்தே கிடைவரியில்தான் வந்தது. மற்ற நாளேடுகள் பின்னர் மாறின. ஆனால் ஜப்பானில் நாவலும் நாளேடும் மாங்கா படக்கதையும் இன்றும் மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாகத்தான் ஓடுகின்றன. தைவானில் இலக்கிய நூல்கள் இன்னும் அப்படியே வருகின்றன. திரையில் இதற்கு வழிதேடும் முயற்சி பழையது: இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5 வெளிவந்த 2000ஆம் ஆண்டிலேயே அதில் செங்குத்து எழுத்து இருந்தது. எல்லா உலாவிகளுக்கும் பொதுவான ‘ரைட்டிங் மோட்ஸ்’ தரம் டபிள்யூ3சியின் இறுதிப் பரிந்துரையானது 2019 டிசம்பரில். இடையில் 2011இல் வந்த ஈபப் 3, ஜப்பானிய மின்னூல்களுக்காகச் செங்குத்து எழுத்தை உள்ளே கொண்டுவந்தது.

எழுதுவது எளிது: ‘ரைட்டிங்-மோட்: வெர்ட்டிகல்-ஆர்எல்’. உழைப்பு அதற்குப் பிறகுதான். நீங்கள் ‘மார்ஜின்-லெஃப்ட்’ என்றும் ‘விட்த்’ என்றும் எழுதிய இடமெல்லாம் அர்த்தம் தவறும். செங்குத்தில் வரி தொடங்கும் பக்கம் மேலே இருக்கிறது. பத்தி வளரும் பக்கம் இடது. அதனால்தான் ‘இன்லைன்-ஸ்டார்ட்’, ‘பிளாக்-சைஸ்’ போன்ற திசை சாராத பெயர்களை இன்று புதிதாகத் தொடங்கும் எல்லா வேலையிலும் பழக்கமாக்கிக்கொள்ளச் சொல்கிறேன். கிடைவரிப் பக்கத்துக்கும் அவை அப்படியே பொருந்தும். தேதியில் வரும் 12, 25 போன்ற இரண்டிலக்க எண்கள் செங்குத்து வரியில் படுத்துக் கிடக்கக்கூடாது. ‘டெக்ஸ்ட்-கம்பைன்-அப்ரைட்’ பண்பால் இரண்டு இலக்கத்தையும் ஒரே சதுரத்தில் அருகருகே நிமிர்த்தி வைக்கலாம். ஜப்பானிய அச்சுக்கோப்பவர்கள் கையால் செய்துவந்த நுட்பம் அது.

எழுத்துருவின் எடை பற்றிய கவலை உங்களுக்கு இருக்கும், நியாயமான கவலை. கொரிய அசைகள் மட்டுமே 11,172. அடோபியும் கூகுளும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட சோர்ஸ் ஹான் சான்ஸ் என்ற எழுத்துரு, ஓர் எழுத்துருக் கோப்பு தாங்கும் உச்ச அளவான 65,535 வடிவங்களையும் நிரப்பியது. அப்படிப்பட்ட கோப்பு ஒவ்வொன்றும் பத்து மெகாபைட்டைத் தாண்டும். கூகுள் ஃபான்ட்ஸ் அத்தகைய கோப்பை நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளாக வெட்டி, பக்கத்தில் இருக்கும் எழுத்துக்குத் தேவையான துண்டை மட்டும் அனுப்புகிறது. தலைப்புக்கு அது நல்ல வழி. உடல்வாசகத்துக்கு என் பரிந்துரை, பயனரின் கருவியிலேயே இருக்கும் எழுத்துருக்கள்: ஹிராகினோ, மெய்ரியோ, பிங்ஃபாங், மைக்ரோசாஃப்ட் யாஹே, மால்குன் கோதிக். மலையடிவாரக் கிராமத்தில் மெதுவான இணைப்பில் இருப்பவருக்கும் பக்கம் உடனே திறக்கும்.

ஜப்பானிய எழுத்தடுக்கின் தேவைகளை அந்நாட்டு வல்லுநர்கள் விரிவாக எழுதி, டபிள்யூ3சி 2009இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. 2012இல் திருத்திய பதிப்பு வந்தது. சீனத்துக்கும் கொரியத்துக்கும் அதேபோன்ற ஆவணங்கள் இருக்கின்றன. எல்லாமே இலவசம், படங்களோடு. குழுவில் ஆளுக்கொரு மொழியாக எடுத்துக்கொண்டு படியுங்கள். அடுத்த வேலைக்கு விலை சொல்லும்போது, அந்த மொழிக்காரர் ஒருவர் திரையைப் பார்த்துத் திருத்தம் சொல்வதற்கான நேரத்தையும் ஊதியத்தையும் தனி வரியாகச் சேர்த்துப் போடுங்கள். எதற்கு இந்தச் செலவு என்று வாடிக்கையாளர் கேட்டால், அவருடைய நிறுவனத்தின் பெயரையே ‘லாங்’ இல்லாமல் ஒருமுறையும் ‘லாங்’ கொடுத்து ஒருமுறையும் ஆங்கில அமைப்புள்ள கணினியில் திறந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்களோடு இதே வேலையைச் செய்யும் ஒரு தோழர்